சுமைதாங்கிக் கல் சொல்லும் சேதி

(சேவுகம்பட்டியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் மூத்த ஊக்குநர் ஒருவர் பேசியது. உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



இன்றைக்குச் சேமிப்பு, வட்டி, வசூல் பற்றி நான் பேசப்போவதில்லை. நம்மை விட்டுப் போனவர்களைப் பற்றிப் பேசப்போகிறேன்.

நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுக்குப் போகிற செண்டுமல்லி நமக்கெல்லாம் தெரியும். அந்தச் செடிக்குப் பூர்வீகம் மெக்சிகோ நாடு. அங்கே நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்களுக்குப் படையல் போடுறாங்க. போட்டோ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, தண்ணீர், உப்பு, ரொட்டி, அவங்களுக்குப் பிடித்த சாப்பாடு எல்லாம் வைப்பாங்க. செண்டுமல்லி வாசனையைப் பிடித்துக்கொண்டு ஆத்மா வீடு வந்து சேரும் என்பது நம்பிக்கை. வீட்டில் மட்டுமல்ல, ஊர்ப் பொது இடத்திலும் எல்லோருக்குமாகச் சேர்த்துப் படையல் போடுவது உண்டு.

நம்ம ஊர் மாதிரியே இருக்கு, இல்லையா? நாமும் ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசைக்குக் கும்பிடுகிறோம். வாழாமல் போன மகளை வீட்டுச் சாமியாக நினைத்துப் புதுச்சேலை வைத்துப் படைக்கிறோம். நம் கிறிஸ்தவ சகோதரிகள் அதே நவம்பர் 2-ல் கல்லறைத் திருநாள் கொண்டாடுகிறார்கள்.

இது நேற்று வந்த பழக்கம் இல்லை. நமக்குப் பக்கத்திலேயே, ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006-ம் வருடம் எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தன. 2,000 வருடத்துக்கும் முந்தியவை. அதில் ஒன்று, மாடு கவர்ந்த சண்டையில் செத்துப்போன ஒருவனுக்கு நட்டது. அப்படி நட்ட கல்லுக்குச் சிறப்புச் செய்வதைத் தொல்காப்பியம் 'பெரும்படை' என்று சொல்கிறது.

சரி, சண்டையில் செத்த ஆணுக்குக் கல் நட்டாங்க. வயிற்றுப் பிள்ளையோடு செத்த பெண்ணுக்கு?

அவளுக்கும் கல் உண்டு. அதுதான் சுமைதாங்கி. ரெண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பாங்க. பிள்ளையை இறக்கி வைக்க முடியாமல் சுமையோடு போய்விட்டாளே, வழிப்போக்கர்கள் தலைச்சுமையை இதில் இறக்கி வைத்தால் அவள் பாரம் குறையும் என்று நம்பினாங்க. யோசித்துப் பாருங்க. அவள் பேரைச் சொல்லி அழுததோடு நிற்கவில்லை. விறகுக்கட்டும் புல்லுக்கட்டும் சுமந்து வருகிற இன்னொரு பெண்ணுக்கு உதவுகிற மாதிரி ஒரு காரியம் செய்துவிட்டாங்க.

நினைவு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ல் பள்ளிக்கூடத் தீ விபத்தில் 94 பிள்ளைகள் கருகிப் போனார்கள். வருடா வருடம் அதே நாளில் பெற்றவர்கள் போட்டோவுக்கு முன்னால் பிள்ளைகளுக்குப் பிடித்த தின்பண்டத்தை வைத்து அழுகிறார்கள். அந்தச் சாவுக்குப் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரையை எடுக்கச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டது. அதனால் பிழைத்த பிள்ளைகள் எத்தனையோ!

பிரசவச் சாவும் அப்படித்தான் குறைந்தது. தமிழ்நாட்டில் 2001-03 காலத்தில் 1 லட்சம் குழந்தை பிறந்தால் 134 தாய்மார் இறந்தார்கள். 2018-20-ல் அது 54 ஆனது. 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கிற ஆரம்ப சுகாதார நிலையம், 2008-ல் வந்த 108 வண்டி இதெல்லாம் காரணம். ஒவ்வொரு தாய் சாவையும் ஏன் நடந்தது என்று விசாரிப்பதும் ஒரு காரணம். ஆனாலும் அந்த 54 பேரும் யாரோ ஒரு வீட்டு மகள்தானே? நம் குழு வீடுகளில் கர்ப்பிணி இருந்தால் கிராம செவிலியரிடம் பதிந்தாச்சா என்று கேளுங்கள். ரத்தப்போக்கு, கடுமையான தலைவலி, கை கால் முகம் வீக்கம், வலிப்பு எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

இப்போது என் யோசனையைச் சொல்கிறேன். வருடத்துக்கு ஒருநாள் நம் கூட்டமைப்பு அலுவலகத்தில் பொதுப் படையல் வைப்போம். அந்த வருடம் இறந்த உறுப்பினர்களின் போட்டோ, ஆளுக்கொரு விளக்கு, பிடித்த பலகாரம். சாதி, மதம், எந்தக் குழு என்ற பேதம் வேண்டாம். செண்டுமல்லியை நாமே கட்டுவோம்.

விளக்கு ஏற்றும்போது ஒவ்வொருவருக்கும் நாலு கேள்வி கேட்க வேண்டும்.

1. அவர் சேமிப்புப் பணம் குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்ததா?

2. காப்பீடு இருந்ததா, வாங்கிக் கொடுத்தோமா? பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டில் வருடத்துக்கு 436 ரூபாய் கட்டியிருந்தால் 2 லட்சம் கிடைக்கும். 18 முதல் 50 வயது வரை சேரலாம். கணக்கில் பணம் இல்லாமல் தவணை நின்றுபோனால் ஒன்றும் கிடைக்காது. பாஸ்புக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்து சான்றிதழ் வாங்குவதும் அவசியம்.

3. அவர் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா?

4. இந்தச் சாவைத் தடுத்திருக்க முடியுமா?

இந்த நாலுக்கும் பதில் சொல்லாமல் வைக்கிற பொங்கல் செத்தவளுக்குச் சேராது, நம் வயிற்றுக்குத்தான் சேரும்.

இப்போதெல்லாம் தலைச்சுமை குறைந்துபோச்சு. சுமைதாங்கிக் கல்லை யாரும் தேடுவதில்லை. ஆனால் அம்மா இல்லாத பிள்ளைகளின் சுமையும், தவணை கட்ட முடியாத குடும்பத்தின் சுமையும் அப்படியேதான் இருக்கிறது. அதை இறக்கி வைக்க ஒரு இடம் வேண்டும். அந்த இடம் நம் குழுவாக இருக்கட்டும்.

இதைத் தீர்மானமாக உங்கள் முன் வைக்கிறேன். சம்மதம் உள்ளவர்கள் கையைத் தூக்குங்கள்.