ரோட்டில் நடப்பவரை யார் எண்ணுவது?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



ரோட்டோரம் நாற்காலி போட்டு, கையில் தாளோடு ஒருவர் வண்டிகளை எண்ணிக்கொண்டு இருப்பதை நாம் பார்த்திருப்போம். "இது ஒரு வேலையா"ன்னு சிரிச்சுட்டுப் போயிருப்போம். ஆனால் ரோடு எவ்வளவு அகலம், எவ்வளவு கனம் என்று முடிவு செய்ய அந்தத் தாளைத்தான் பார்க்கிறார்கள்.

நம் நாட்டு ரோடுகளின் மொத்த நீளத்தில் தேசிய நெடுஞ்சாலை சுமார் 2 சதவீதம்தான். போக்குவரத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் அதில் ஓடுகிறது. மிச்சம்தான் மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, நம்ம ஊர் ரோடு எல்லாவற்றிலும். அதனால் பணமும் கவனமும் முதலில் அங்கே போய்விடுகிறது.

எண்ணுவதிலும் ஒரு கணக்கு உண்டு. கிராமப்புறச் சாலைகளுக்கு இந்திய சாலை காங்கிரஸ் 1990-ல் வகுத்த அளவில் கார் 1 என்றால், பைக்கும் சைக்கிளும் அரை. பஸ், லாரி 3. பெரிய மாட்டு வண்டி 8! மெதுவாகப் போய் இடத்தை அடைக்கிறதாம். மாட்டு வண்டிக்கு 8 கொடுத்த பட்டியலில், தலையில் புல்லுக்கட்டோடு நடக்கிற நமக்கு ஒன்றுமே இல்லை.

கிராமச் சாலை போடும்போது, வேறு விவரம் கிடைக்காவிட்டால் வண்டிகள் ஆண்டுக்கு 6 சதவீதம் கூடும் என்று வைத்துக்கொள்கிறார்கள். வட்டிக் கணக்கு எழுதிப் பழகிய நமக்கு இது சுலபம்தானே? இன்று 100 வண்டி என்றால் பத்து வருடத்தில் 179. பக்கத்தில் ஒரு குவாரியோ செங்கல் சூளையோ வந்துவிட்டால் இந்தக் கணக்கும் நிற்காது. லாரி கூடும், ரோடு அதே அகலம்தான். ஒதுங்கி நிற்க மண் ஓரம்கூட இருக்காது. 2022-ல் நாடு முழுக்க சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் 32,000-க்கும் மேற்பட்டவர்கள் நடந்து போனவர்கள்.

ஆகவே நாமே எண்ணுவோம். அறுவடை நேரத்தில் ஒரு நாள், சாதாரண நாள் ஒன்று. காலை 6 முதல் இரவு 8 வரை, குழுவுக்கு இரண்டு பேர் முறை வைத்து உட்காரலாம். லாரி, டிராக்டருக்கு ஒரு கட்டம். நடந்து போகும் பெண்களுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கட்டம், மறக்காதீங்க. அந்த எண்ணிக்கையோடு மே 1 கிராம சபைக்குப் போவோம். ஓரத்தில் நடக்க இடம், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை, இரண்டையும் கேட்போம். வாயால் சொல்லிவிட்டு வந்தால் போதாது, தீர்மான நோட்டில் ஏறணும். கையெழுத்துப் போடும் முன் வாசிக்கச் சொல்லுங்கள்.

கட்டம் போட்ட தாள் மேசையில் இருக்கிறது. குழுப் பிரதிநிதிகள் போகும்போது எடுத்துக்கொண்டு போங்கள்.