‘வயிறு வலிக்குது சார்’: உடலின் செயல்களுக்கு உரிய சொற்கள்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒன்பதாம் வகுப்பில் கழிவுநீக்க மண்டலம் நடத்துகிறோம். நெஃப்ரான் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொன்னால் பிள்ளைகள் அழகாகக் குறித்துவிடுகிறார்கள். அதே பிள்ளைக்குச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருந்தால், அதை நம்மிடம் எந்தச் சொல்லால் சொல்கிறது? பெரும்பாலும் சொல்வதே இல்லை. மிஞ்சிப்போனால் ‘வயிறு வலிக்குது சார்’ என்கிறது. இந்த ஒரு வாக்கியத்துக்குள் நீர்க்கடுப்பும் இருக்கும், மலச்சிக்கலும் இருக்கும், மாதவிடாய் வலி இருக்கும், முந்தைய இரவு சாப்பிடாத பசி இருக்கும், கணக்குத் தேர்வுப் பயமும் இருக்கும். எது என்று பிரித்தறிய நமக்கும் பிள்ளைக்கும் பொதுவான சொற்கள் வேண்டும். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

தமிழில் சொல் இல்லாமல் இல்லை. உப்புசம், பொருமல், கடுப்பு, இரைச்சல், குமட்டல், ஓங்கரிப்பு, எதுக்களிப்பு, புளிச்ச ஏப்பம் என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வதில் ஒவ்வொன்றும் வேறு வேறு செயலைக் குறிக்கிறது. வாந்தி வருமோ என்ற உணர்வு குமட்டல். வயிறு புரட்டி, எதுவும் வெளியே வராமல் போவது ஓங்கரிப்பு. இரைப்பையில் இருப்பது முயற்சியின்றித் தானாக உணவுக்குழலில் மேலேறுவது எதுக்களிப்பு. மருத்துவர்கள் இந்த வேறுபாடுகளைக் கேட்டுத்தான் நோயை அனுமானிக்கிறார்கள். ‘நெஞ்சைக் கரிக்குது’ என்று பிள்ளை சொன்னால் இதயம் என்று பதற வேண்டாம். பெரும்பாலும் அது மேலேறிய அமிலம்தான். ‘சூடு பிடிச்சிருக்கு’ என்று சொல்லித் தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்து அனுப்பும் வீடுகள் உண்டு. எண்ணெயால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் எரிச்சலோடு காய்ச்சலும் இருந்தால் அது சிறுநீர்ப் பாதைத் தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மருத்துவத்தைத் தமிழில் சொல்லும் முயற்சி புதிதும் அல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், பாடநூல்களையும் வெளியிட்டார். உடலின் இயக்கத்தைப் பற்றிய படிப்புக்கு அவர் நூல்களில் வழங்கிய பெயர் ‘சுகரணம்’. இன்று நாம் உடற்செயலியல் என்கிறோம். பெயர் மாறினாலும் நோக்கம் அதுதான்: உறுப்பு எங்கே இருக்கிறது என்பதோடு, அது எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்வது.

இப்போது முக்கியமான சொல்லுக்கு வருகிறேன். செயல்பாட்டுக் கோளாறு. ஒரு பிள்ளை மாதத்தில் நான்கு நாள் வயிற்றுவலி என்று விடுப்பு எடுக்கிறது. பெற்றோர் இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள், ஸ்கேன் எடுக்கிறார்கள். ‘எல்லாம் நார்மல்’ என்று முடிவு வருகிறது. உடனே நம் ஆசிரியர் அறையில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்: ‘அப்ப நடிக்கிறான்.’

நம் பள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடத்தில் விரிசல் இல்லை. மேசை, நாற்காலி எல்லாம் சரி. ஆசிரியர்கள் அனைவரும் வந்திருக்கிறார்கள். ஆனால் கால அட்டவணை குழம்பிவிட்டது. ஒரே வகுப்புக்கு இரண்டு பேர் போகிறார்கள், இன்னொரு வகுப்புக்கு யாருமே போகவில்லை. பொறியாளர் வந்து கட்டடத்தைப் பார்த்துவிட்டு ‘நன்றாக இருக்கிறது’ என்று சான்று தருவார். அவர் சொன்னது உண்மை. பள்ளி நடக்கவில்லை என்பதும் உண்மை. ஸ்கேன் கட்டடத்தைப் பார்க்கிறது. செயல்பாட்டுக் கோளாறு கால அட்டவணையில் இருக்கிறது.

குடலுக்கும் மூளைக்கும் இடையே நரம்புகள் வழியாக ஓயாமல் செய்தி போய் வருகிறது. சிலருக்குக் குடலின் உணர்திறன் கூடிவிடும். மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாத சாதாரண வாயுவின் அழுத்தம் அவர்களுக்கு வலியாகத் தெரியும். பயமும் கவலையும் குடலின் அசைவை மாற்றும். இதற்குப் பெரிய ஆதாரம் வேண்டாம். ஆய்வு அலுவலர் வரும் நாள் காலையில் நம்மில் எத்தனை பேர் இரண்டு முறை கழிப்பறைக்குப் போகிறோம் என்று நினைத்துப் பாருங்கள். அன்று நாம் யாரும் நடிக்கவில்லை.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரக் குழந்தை மருத்துவர் ஜான் ஆப்லி, 1000 பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 1958இல் முடிவை வெளியிட்டார். பத்தில் ஒருவருக்கு, அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வயிற்றுவலி வந்தது. அவர்களில் மிகப் பலருக்கு உறுப்பில் நோய் எதுவும் இல்லை. இன்று மருத்துவ உலகம் இவற்றை வகைப்படுத்தப் பயன்படுத்தும் ரோம் அளவுகோல்கள், 2016இல் பெயரையே மாற்றிவிட்டன. ‘செயல்பாட்டுக் கோளாறு’ என்றால் ‘ஒன்றுமில்லை’ என்று பொருள் கொள்ளப்பட்டதும் அதற்கு ஒரு காரணம். குடல்–மூளை ஊடாட்டக் கோளாறுகள் என்பது புதிய பெயர்.

ஆப்லி சொன்ன இன்னொன்று நமக்கு நேரடியாகப் பயன்படும். ‘எங்கே வலிக்குது, விரலால் காட்டு’ என்று கேளுங்கள். தொப்புளைச் சுற்றிக் காட்டினால் பெரும்பாலும் செயல்பாட்டு வலி. தொப்புளை விட்டு விலக விலக, உறுப்பில் நோய் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. இதை வைத்து நாம் மருத்துவராகிவிட வேண்டாம். எடை குறைதல், மலத்தில் இரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, தொடர்ந்த வாந்தி, காய்ச்சல், வலப்பக்க அடிவயிற்றில் நிற்காத வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

மலச்சிக்கலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் பள்ளிக்கு நேரடிப் பங்கு இருக்கிறது. சாப்பிட்ட உணவு இரைப்பைக்குள் போனதும் பெருங்குடல் அசையத் தொடங்கும். காலை உணவுக்குப் பின் இது நன்றாகத் தெரியும். காலை உணவுத் திட்டத்தில் நம் பிள்ளைகள் பள்ளியில்தான் சாப்பிடுகிறார்கள். ஆக, உந்துதல் வருவது முதல் பாடவேளையில். ‘இப்பதானே வந்த, உட்கார்’ என்கிறோம். பிள்ளை அடக்குகிறது. அடக்க அடக்கப் பெருங்குடல் நீரை உறிஞ்சி மலத்தை இறுக்கிவிடுகிறது. அடுத்த நாள் கழிக்கும்போது வலிக்கிறது. வலிக்குப் பயந்து மறுபடி அடக்குகிறது. நாளாக நாளாக மலக்குடல் விரிந்து, நிறைந்திருப்பதே தெரியாமல் போகும். அப்போது இறுகிய மலத்தைச் சுற்றிக்கொண்டு நீர்த்த மலம் கால்சட்டையில் கசியும். நாம் ‘பேதி’ என்கிறோம், பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பிடிக்கிறார்கள். உண்மையில் அது மலச்சிக்கல். அந்தப் பிள்ளைக்கு அது வருவதே தெரியாது. அதற்காகத் திட்டுவது கொடுமை.

சிறுநீருக்கு ஒரு கணக்கு உண்டு. பிள்ளையின் வயதோடு 2ஐக் கூட்டி 30ஆல் பெருக்கினால் சிறுநீர்ப்பை ஏறக்குறைய எத்தனை மில்லி லிட்டர் கொள்ளும் என்று தெரியும். எட்டு வயதுக்கு 300. அவ்வளவுதான். தண்ணீர் குடிக்க மணி அடிக்கிறோம், நல்ல செயல். குடித்த தண்ணீர் வெளியே போகவும் நேரம் கொடுக்க வேண்டுமல்லவா? கழிப்பறை பூட்டியிருந்தால் பெண் பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள்.

‘மயக்கம்’ என்ற சொல்லிலும் கவனம் தேவை. தலைசுற்றல், கண் இருட்டல், நினைவிழந்து விழுதல், வலிப்பு எல்லாவற்றையும் மயக்கம் என்றே சொல்லிவிடுகிறோம். காலை வழிபாட்டில் நின்றுகொண்டே வெளிறி விழுந்த பிள்ளையைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடும். கை கால் வெட்டி இழுத்தால் அது வலிப்பு. ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. சாவிக்கொத்து தேவையில்லை. ‘மயங்கிட்டான்’ என்பதோடு நிறுத்தாமல், பார்த்ததைப் பார்த்தபடி சொன்னால் எதிர்முனையில் இருப்பவருக்கு உதவும்.

எங்கள் பள்ளியில் தொடக்க வகுப்புகளில் ஓர் அட்டை மாட்டியிருக்கிறோம். ஒரு பக்கம் பிள்ளைகள் சொல்லும் சொல், மறுபக்கம் பாடநூல் சொல். ‘ஒன்னுக்கு எரியுது’, ‘ரெண்டுக்கு வரமாட்டேங்குது’, ‘வயிறு கடமுடாங்குது’, ‘கிறுகிறுன்னு வருது’. முதல் நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் சிரிப்பு நின்றுவிட்டது. உங்கள் ஊரில் வழங்கும் சொற்களையும் ஒரு தாளில் எழுதி, போகும்போது என்னிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அடுத்த கூட்டத்துக்குள் எல்லாவற்றையும் சேர்த்து அட்டையாக்கித் தருகிறேன்.