வாசகர் வட்டம் என்ன செய்யலாம்?



மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசல் என்றொரு கிராமம். நெல் மூட்டை ஏற்றுகிற மாதிரி வண்டியில் புத்தகங்களை ஏற்றி, மாட்டைப் பூட்டி, 1931 அக்டோபரில் சுற்றுப்பட்டு ஊர்களுக்கு அனுப்பிவைத்தார் ஓய்வுபெற்ற பொறியாளர் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை. சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது 1948-இல். சட்டத்துக்குப் பதினேழு வருஷம் முன்னாலேயே ஒரு தனி மனிதர் நடத்திக் காட்டிய வேலை இது.

சட்டம் வந்தபின் வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோம். கட்டடம் இருக்கிறது, நூலகர் இருக்கிறார். பிறகு நமக்கென்ன வேலை என்று கேட்கலாம். ஊர்ப்புற நூலகத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே ஆள்தான். கதவைத் திறப்பவரும் அவர்தான், பதிவேட்டில் எழுதுபவரும் அவர்தான், கலைந்த புத்தகத்தை அடுக்குபவரும் அவர்தான். மழை ஒழுகினால் அலமாரியை நகர்த்தக்கூட இன்னொரு கை கிடையாது.

அந்த இன்னொரு கைதான், நூலகத்துக்கு வருகிறவர்களே கூடி அமைக்கிற வாசகர் வட்டம். நாலு பேர் ஆயிரம் ரூபாய் கட்டி நூலகப் புரவலராகச் சேரும்படி பேசி அழைத்து வருவது, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு எந்தப் புத்தகம் இல்லையென்று கேட்டு வாங்கிக் கொடுப்பது, மின்விசிறி ஓடவில்லையென்றால் ஆளைக் கூட்டி வருவது, இதெல்லாம் வட்டத்தாரின் வேலை. சில ஊர்களில் வட்டம் என்பது நவம்பரில் நூலக வார விழாவுக்கு மேடை போட்டுப் பொன்னாடை போர்த்துவதோடு முடிந்துவிடுகிறது. பொன்னாடைக்கு ஆகிற காசில் இரண்டு புத்தகமாவது வாங்கலாமே!

2022-இல் தமிழக அரசு நூலக நண்பர்கள் திட்டத்தைத் தொடங்கியது. நூலகத்துக்கு வர இயலாத முதியோர், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். பையைத் தூக்கிக்கொண்டு போவது பெரிதில்லை. கண் மங்கிய பாட்டிக்குப் பெரிய எழுத்துப் புத்தகம், படி ஏற முடியாத வாத்தியாருக்கு அவர் பாதியில் விட்ட நாவலின் அடுத்த பாகம் என்று ஆளறிந்து எடுத்துப் போக வேண்டும். அது வாசகர்களோடு பழகின வட்டத்தாருக்குத்தான் வரும்.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்ல வேண்டும். நூலகர் இடம் காலியாக இருந்தால், அந்த நாற்காலியில் போய் உட்காருவது தொண்டு ஆகாது. ஆளைப் போடுங்கள் என்று மாவட்ட நூலக அலுவலரிடம் மனு கொடுப்பதுதான் வட்டத்தின் வேலை.

கிளை நூலகங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும்; ஞாயிறு திறந்திருக்கும். வருகிற ஞாயிறு போங்கள். வாசகர் வட்டத் தலைவர் யார் என்று நூலகரைக் கேளுங்கள். அப்படி ஒருவரும் இல்லையென்றால், உங்கள் பெயரை முதலில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.