அளவுகோல் யார் கையில்?

இயந்திரம் வந்தால் வேலை எளிதாகும் என்று களிப்போர் உண்டு. வேலையே போய்விடும் என்று கலங்குவோரும் உண்டு. அந்த இயந்திரத்தோடு நாள்தோறும் மல்லாடுபவர் என்ன சொல்கிறார் என்று கேட்போர் மிகச் சிலர். அவர் குரலைத்தான் இன்று உங்கள்முன் எடுத்துவைக்க விரும்புகிறேன்.

நான் குறிப்பிடுவது, கணினிக்கு நிரல் எழுதும் தொழிலாளரை. ஆம், தொழிலாளர் என்றே சொல்கிறேன்! குளிரூட்டப்பட்ட அறை, கழுத்திலே அடையாள அட்டை, மாதம் முடிந்தால் வங்கியிலே சம்பளம் — இவை இருப்பதாலேயே உழைப்பு உழைப்பு அல்லவென்று ஆகிவிடுமா?

2021 ஜூன் திங்களில் கிட்ஹப் நிறுவனம் ‘கோபைலட்’ என்னும் கருவியை முன்னோட்டமாக வெளியிட்டது. நிரலாளர் ஒரு வரி தொடங்கினால் அடுத்த பல வரிகளை அது எழுதிக் காட்டிற்று. 2022 நவம்பரில் ‘சாட்ஜிபிடி’ வந்தது. வேண்டியதைச் சொன்னால் போதும், நிரல் வந்து நிற்கும் என்ற நிலை பிறந்தது. 2024 அக்டோபரில் கூகுள் தலைவர் சுந்தர் பிச்சை, தம் நிறுவனத்தின் புதிய நிரலில் கால் பங்குக்கு மேற்பட்டதைச் செயற்கை நுண்ணறிவே ஆக்கித் தருகிறது என்றும், பொறியாளர்கள் அதைச் சரிபார்த்து ஏற்கின்றனர் என்றும் அறிவித்தார்.

முற்பகுதியைக் கேட்டு வியந்தோர் பலர். பிற்பகுதியை எண்ணிப் பார்த்தோர் எத்தனை பேர்? எழுதுவது இயந்திரம், சரிபார்ப்பவர் மனிதர், தவறு நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே! தாமே எழுதிய நிரலில் எந்த வரி ஏன் நிற்கிறது என்பதை எழுதியவர் அறிவார். இயந்திரம் எழுதியதையோ, வரிவரியாகப் படித்துத்தான் அறிய வேண்டும். அந்தப் படிப்பும் உழைப்பே.

2025-ஆம் ஆண்டு ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நிறுவனம் பல நாட்டு நிரலாளரிடமும் கருத்துக் கேட்டது. நூற்றுக்கு 84 பேர், இக்கருவிகளைப் பயன்படுத்துகிறோம் அல்லது பயன்படுத்தப் போகிறோம் என்றனர். அவை தரும் விடை துல்லியமானது என்று நம்புவோரோ 33 பேர்தாம். நம்பாதோர் 46 பேர். சலிப்பூட்டுவது எது என்ற கேள்விக்கு 66 பேர் சுட்டியது, ஏறத்தாழச் சரியாக இருந்தும் முழுமையாகச் சரியாக இல்லாத விடைகளை. முற்றிலும் தவறான நிரல் உடனே கண்ணில் பட்டுவிடும். ஏறத்தாழச் சரியானது பதுங்கியிருந்து, ஒருநாள் வங்கிக் கணக்கிலோ மருத்துவமனைப் பதிவேட்டிலோ தலைகாட்டும்.

“பயனே இல்லையெனில் இத்தனை பேர் ஏன் கையாள்கின்றனர்?” என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பயன் உண்டு. 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கோபைலட்டின் துணை பெற்றோர், புதிதாக அமைக்கும் சிறு நிரல் ஒன்றை மற்றவர்களைவிட 55.8 விழுக்காடு விரைவாக முடித்தனர். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் வெட்ட வெளியில் குடிசை போடுவது வேறு. குடியிருக்கும் மாளிகையில் தூணை மாற்றுவது வேறு. அமெரிக்காவின் ‘மீட்டர்’ என்னும் ஆய்வு நிறுவனம் இரண்டாவதைச் சோதித்தது. அனுபவமிக்க நிரலாளர் 16 பேர், அவர்கள் பல்லாண்டு பழகிய பெரிய நிரல் தொகுப்புகள், 246 வேலைகள். சில வேலைகளுக்குக் கருவி உண்டு, சிலவற்றுக்கு இல்லை என்று குலுக்கல் முறையில் பிரித்தனர். கருவியால் நேரம் 24 விழுக்காடு குறையும் என்று தொடக்கத்தில் அவர்கள் எதிர்பார்த்தனர். முடிந்தபின் கேட்டபோது, 20 விழுக்காடு குறைந்தது என்றனர். கடிகாரம் என்ன சொல்லிற்று? 19 விழுக்காடு கூடுதல் நேரம் பிடித்தது என்று சொல்லிற்று! 2025 ஜூலையில் வெளிவந்த முடிவு இது.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் இருந்த கருவிகளின் கணக்கு அது. கருவிகள் மேலும் கூர்மை பெறும். எனினும் பாடம் நிலைத்து நிற்கிறது. உழைத்தவர்களுக்கே விரைவு பற்றிய உணர்வு பொய்த்தது என்றால், தொலைவிலிருந்து விளம்பரத்தை மட்டும் படிக்கும் மேலாளரின் மதிப்பீடு எப்படி இருக்கும்? “கருவிதான் இருக்கிறதே, பத்து நாள் வேலைக்கு ஐந்து நாள் போதாதா?” என்பார். மிச்சமான ஐந்து நாள் நிறுவனத்தின் இலாபம். சரிபார்க்கும் இரவுகள் தொழிலாளியின் பங்கு. இதுவா முன்னேற்றம்?

தரமணியிலும் சிறுசேரியிலும் கடல்கடந்த வாடிக்கையாளருக்காக நிரல் எழுதும் நம் பிள்ளைகளையும் இக்கேள்வி தொடுகிறது. புதிதாகச் சேர்வோர் எளிய வேலைகளைச் செய்துதான் தொழில் கற்றனர். அந்த எளிய வேலைகளையே இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால், நாளை பிழை கண்டுபிடிக்கும் கண் எங்கிருந்து வரும்? ஏணியின் கீழ்ப்படிகளைக் கழற்றிவிட்டு, மேலே ஏறி வா என்பதா?

கருவியை உடைக்கச் சொல்லவில்லை, தோழர்களே! அமெரிக்கத் திரைக்கதை ஆசிரியர்கள் 2023-இல் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துமாறு எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. அது ஆக்கிய பொருளை எழுத்தாளரிடம் தந்தால் அதனை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத வைத்தனர். அறிவுழைப்பாளரும் அணிதிரண்டால் நிபந்தனை விதிக்க முடியும் என்பதற்கு அது சான்று.

நிரலாளர் கேட்க வேண்டியவை மூன்று. சரிபார்க்கும் நேரம் வேலை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். கெடுவைக் குறைக்குமுன், வேலை செய்வோரையும் கூட்டி வைத்து அளந்து பார்க்க வேண்டும். புதியவர் கற்பதற்கென்று வேலையும் காலமும் ஒதுக்கப்பட வேண்டும்.

உங்கள் தெருவிலும் கணினித் தொழில் புரியும் தம்பியோ தங்கையோ இருப்பார். அவரிடம் சென்று இவற்றைப் பேசுங்கள். அவர் சொல்வதையும் கேளுங்கள். இயந்திரம் யாருடையதாகவும் இருக்கட்டும்; உழைப்பை அளக்கும் கோலில் உழைப்பவர் கையும் இருந்தே தீர வேண்டும்!