குறுஞ்செட்டை மீனுக்குக் கிடைத்த மதிப்பு

முன்னாளிற் சீயம் என வழங்கிய தாய்லாந்தின் வயல்களிலும் சதுப்பு நிலங்களிலும் வாழ்வது சண்டைமீன். 1910ஆம் ஆண்டில் றீகன் என்னும் அறிஞர் இதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். அந்நாட்டு மக்கள் இதனைப் 'பிளாகட்' என்பர். கடிக்கும் மீன் என்பது அதன் பொருள்.

இம்மீனுக்கு இயற்கையில் அமைந்தவை குறுகிய செட்டைகளே. ஆயினும் மேலைநாட்டு வளர்ப்பாளரின் உள்ளத்தைக் கவர்ந்தது, பட்டுத்திரை போல நீண்ட செட்டை விரியுமாறு வளர்த்தெடுத்த வகையாகும். காட்சி மேடையிலே நெடுஞ்செட்டையின் அளவுகோலால் அளந்தபோது, குறுஞ்செட்டையின் இயல்பெல்லாம் குறையாகவே தோன்றிற்று. தாயகத்திலோ அதன் மதிப்பைப் பந்தயக் களத்துக் கடியே நிறுத்தது.

இந்நிலையை மாற்றியது தனியான ஓர் அளவுகோல். 1960களில் அமெரிக்காவில் தோன்றிய அனைத்துலகப் பெற்றா கழகம், பிற்காலத்திற் பிளாகட்டுக்கெனத் தனி வகுப்புகளையும் விதிகளையும் வகுத்தது. மரபுவழிப் பிளாகட் வேறு, காட்சிப் பிளாகட் வேறு எனப் பிரித்தது. திரண்ட உடல், விறைத்து விரியும் வால், பின்னோக்கிச் சரிந்து கூராகும் அடிச்செட்டை ஆகியன குறைகள் என்ற நிலை நீங்கிச் சிறப்புகளாயின.

இதனால் விளைந்த நன்மை பரிசு மட்டுமன்று. கடித்துக் குதறாமலே ஒரு மீன் வெற்றி பெறலாம் என்ற வழி பிறந்தது. வளர்ப்பவரும் உருவத்தையும் நிறத்தையும் நோக்கித் தெரிவு செய்யலாயினர். 2019ஆம் ஆண்டில் தாய்லாந்து அரசு சண்டைமீனைத் தேசிய நீர்வாழ் உயிராக அறிவித்தது. ஒன்றை அதற்குரிய அளவுகோலால் அளப்பதே நடுவர்க்கு அழகு.