சூடு தேடும் மாதம்



குளிர்நாடுகளில் அக்டோபர் பிறந்தால் மேப்பிள் மரங்கள் சிவந்து இலை கொட்டத் தொடங்கும். நம் ஊர் வேம்பும் அரசும் இலை உதிர்ப்பதோ மாசி, பங்குனியில். ஐப்பசியில் அவை தலைமுழுகிய கோலத்தில் பச்சைப் பசேலென்று நிற்கும். அக்டோபர் மூன்றாம் வார வாக்கில் வடகிழக்குப் பருவமழை இறங்கும். தமிழகத்துக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையில் ஏறக்குறையப் பாதி, அப்போதிலிருந்து டிசம்பர் முடிவதற்குள் பெய்துவிடும். ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்று தனிப் பருவமாகவே வைத்தார்கள் முன்னோர்.

மற்ற நாளெல்லாம் வெயிலைத் திட்டிக்கொண்டு நிழல் தேடுகிறவர்கள் நாம். ஆசை ஆசையாகச் சூட்டைத் தேடிப் போவது இந்த இரண்டு மாதத்தில்தான். இந்தப் பருவத்தின் சுகமே எனக்கு அதுதான்.

இந்தக் கூதிரைப் பாடும் சங்கப் பாட்டான நக்கீரரின் நெடுநல்வாடை 188 அடிகள் கொண்டது. காதல், போர்ப் பாசறை எல்லாம் அதில் உண்டு. ஆனால் எனக்குப் பிடித்தது அதில் வரும் வீட்டுக் காட்சிகள். விசிறியைச் சுருக்கித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதில் சிலந்தி கூடு கட்டிவிட்டது. சந்தனம் அரைக்கும் கல்லைச் சீந்துவார் இல்லை. குடத்துத் தண்ணீரை யாரும் தொடுவதில்லை, எல்லாரும் கணப்புச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். வானம் மூடிக் கிடப்பதால் பொழுது தெரியவில்லை. தட்டில் வைத்த பிச்சி மொட்டு விரிந்து மணப்பதைக் கொண்டு, சாயங்காலம் ஆயிற்றென்று பெண்கள் விளக்கேற்றுகிறார்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வைக்குள் சுருண்டுகொள்ளும் நாம் அந்த வீட்டுக்குள் நுழைந்தால் அந்நியமாகத் தெரியாது.

தீபாவளிக்கும் இந்தச் சூட்டோடு உறவு உண்டு. பட்டாசைச் சொல்லவில்லை, விடியுமுன் தலையில் வைக்கும் நல்லெண்ணெயையும் அண்டாவில் கொதிக்கும் வெந்நீரையும் சொல்கிறேன். அதற்கு மேல் தீபாவளி மருந்து என்னும் லேகியம். சுக்கு, மிளகு, ஓமம், அரிசித் திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை எல்லாவற்றையும் வறுத்து இடித்துச் சலித்து, வெல்லப் பாகில் போட்டுக் கிளற வேண்டும். நெய்யும் நல்லெண்ணெயும் விட்டு, அந்த எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வரும்வரை கையெடுக்கக் கூடாது. சூடு ஆறியபின் தேன். நாக்கில் இனிப்பாக ஆரம்பித்து, தொண்டையில் காரமாக இறங்கி, வயிற்றில் கணகணவென்று உட்காரும். பட்சணம் செரிப்பதற்குத்தான் இது என்பார்கள். பட்சணத் தட்டு வருவதற்குள்ளேயே மூன்று உருண்டையை முழுங்குகிறவர்களுக்கு அந்தக் காரணம் பொருந்தாது, ருசிக்காகவே தின்கிறோம். கடையில் விற்கும் பாட்டில் லேகியத்தில் இனிப்புதான் தூக்கலாக இருக்கிறது. திப்பிலிக்குக் கஞ்சத்தனம் பார்த்தால் லேகியம் எப்படி லேகியமாகும்?

 

இத்தனை பேர் சூடு தேடும்போது, மயிலாடுதுறையிலோ விடியற்காலைக் குளிரில் காவிரியில் இறங்குவார்கள். ஐப்பசி மாதம் முழுக்கத் துலா முழுக்கு. கடைசி நாள் கடைமுகம். அதற்கும் நடந்து வந்து சேர முடியாமல் தவித்த கால் ஊனமான பக்தர் ஒருவருக்காக, இறைவன் கார்த்திகை முதல் நாள் முழுக்குக்கும் அதே பலன் தந்தாராம். முடவன் முழுக்கு என்று அந்த நாளுக்குப் பெயர். கணப்பை விட்டு எழுந்திருக்க மனம் வராத என் போன்றவர்கள், நடக்கத் தெம்பிருந்தும், அந்த நாளைத்தான் நம்பியிருக்கிறோம்.