அளவும் ஆரோக்கியமும்

(தென்காசி வட்டாரப் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களின் பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் நம் பக்கத்து மக்கள் ஆரோக்கியத்தைப் பசியைக் கொண்டு அளப்பார்கள். அருவியில் நீராடியவனுக்கு நன்றாகப் பசித்து, இரவில் நன்றாக உறக்கமும் வந்தால் தேகம் சரியாக இருக்கிறதென்பது அவர்கள் கணக்கு. அதை நான் பழிக்க மாட்டேன். ஆயினும் அந்தக் கணக்கில் அகப்படாத நோய்கள் உண்டு. இரத்த அழுத்தம் 170 உள்ளவர் வயிறார உண்டு, வயல் வேலையும் செய்து வரக்கூடும். இதயமோ சிறுநீரகமோ கெடும்வரை அவருக்கு ஒரு குறையும் தோன்றாதிருக்கலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் கருவியை வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது இதன் பொருட்டே.

1896இல் இத்தாலிய வைத்தியர் ரிவா ரோச்சி பாதரசக் கருவியையும் கைப்பட்டையையும் அமைத்தார். 1905இல் ருஷ்ய வைத்தியர் கொரோட்காவ், நாடியின் ஓசை கேட்டு மேல், கீழ் அளவுகளை அறியும் வழி கண்டார். இன்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். கருவி எளிதாயிற்றே தவிர, அளப்பது எளிதாகிவிடவில்லை.

பீடி சுற்றும் சகோதரி ஒருவர் கடையில் பீடியை ஒப்படைத்துவிட்டு, கழிவென்று தள்ளப்பட்டதை எண்ணிக் கவலையுடன் விரைந்து வருகிறார். வாசலிலேயே நிறுத்தி அளந்தால் தெரிவது அவர் நடையும் கவலையுமே. ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து அமரட்டும். கை நெஞ்சு மட்டத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும். தொங்கினால் அளவு கூடும். பட்டை சிறிதானாலும் கூடும். அரை மணிக்குள் காப்பியோ புகையோ கூடாது. பேச்சும் கூடாது, இது நம் ஊரில் சற்றுக் கடினந்தான்! இருமுறை அளந்து எழுதுங்கள். வெவ்வேறு நாட்களிலும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் நோயென்று வைத்தியர் கொள்வார். ஆனால் 180ஐத் தாண்டி, நெஞ்சுவலியோ ஒரு பக்கக் கைகால் தளர்ச்சியோ கண்டால் மறு அளவுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

சர்க்கரைக்கும் இதே கவனம் தேவை. பழம் உரித்த விரலைக் கழுவாமல் குத்தினால், தோலில் ஒட்டிய சாற்றின் இனிப்பையும் கருவி சேர்த்தே காட்டும். குற்றாலத்து மங்குஸ்தான் காலத்தில் இதை மறவாதீர்கள். சோப்பிட்டுக் கழுவி, நன்கு துடைத்த பின்னரே குத்துக.

பதிவேடுகளோடு காலம் கழிப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். வரிசையாகப் பத்துப் பேருக்கும் 120/80 என்றிருக்கும் பக்கம் எனக்கு மகிழ்ச்சி தருவதில்லை. அளக்காமல் எழுதியதோ என்ற ஐயமே எழுகிறது. 138ஐ 140 ஆக்குவதும், 142ஐ 140 ஆக்குவதும் சிறு காரியமல்ல. முன்னவருக்கு வீண் அச்சம்; பின்னவரின் உண்மை அளவு வைத்தியர் கண்ணுக்கு மறைந்துவிடும்.

மாத்திரையால் 130க்கு இறங்கியவர், "குணமாகிவிட்டது" என்று தாமே மருந்தை நிறுத்துவதும் உண்டு. அந்த 130 மாத்திரையின் பயன் என்பதை அவர் வீட்டாருக்கும் எடுத்துரையுங்கள். அளவின் பக்கத்தில் எந்தக் கை, எந்த நேரம், அன்று மருந்து உண்டாரா என்பதையும் எழுதி, அந்தச் சீட்டை அவரிடமே கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்.